கூட்டிக் காட்டிய தராசு

இல்லை அப்பா, மெலியவில்லை. உயரம் கூடியிருக்கிறது, அதனால் அப்படித் தெரிகிறது.

நீங்கள் இருந்திருந்தால் வாசலிலேயே கேட்டிருப்பீர்கள், அதனால் முதலில் பதிலைச் சொல்லிவிட்டேன். இன்று சின்னவள் பள்ளியிலிருந்து சுகாதார அட்டை கொண்டுவந்தாள். கண், பல், உயரம். எடை என்ற கட்டத்தில் இருபத்து மூன்று. எட்டு வயதுப் பெண்ணுக்குச் சாதாரண எடை. சாதாரணம். அந்தச் சொல்லை இரண்டு முறை வாசித்தேன்.

நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. அந்தப் பதினைந்து நாட்களை நாம் ஒருமுறைகூட முழுசாகப் பேசியதில்லை. பாதியிலேயே நீங்கள் சிரிக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

சின்னவள் எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். பத்து நாள் கண்ணாடிப் பெட்டிக்குள். வீட்டுக்கு அனுப்பும்போது சீட்டில் ஒரு கிலோ அறுநூற்றைம்பது என்று எழுதியிருந்தது. கம்பம் ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார்: பதினைந்தாம் நாள் கொண்டுவாருங்கள், இரண்டு கிலோ இருக்க வேண்டும், இல்லையென்றால் மதுரையில் திரும்பச் சேர்க்க வேண்டியிருக்கும்.

மதுரை எனக்குப் பயமில்லை. பெரியவள்தான் பயம். அவளுக்கு அப்போது நான்கு வயது. நான் ஆஸ்பத்திரியில் இருந்த பத்து நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. காமயகவுண்டன்பட்டியில் நம் வீட்டு வாசலில் நான் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது உங்கள் வேட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"அம்மாகிட்டப் போத்தா" என்றீர்கள்.

"அது பாப்பாவோட அம்மா."

இன்னொரு முறை போனால் இவளை இழந்துவிடுவேன் என்று மட்டும் தெரிந்தது.

அம்மா இல்லாத வீடு. என் வீட்டுக்காரர் கோவையில் வேலையில், ஞாயிறு மட்டும் வருவார். திராட்சைத் தோட்டத்தில் கவாத்து நேரம், கொடி வெட்டிவிடும் வேலை. நீங்கள் கவாத்துக் கத்தரியை ஆட்களிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் நுழைந்தீர்கள். எனக்குப் பால் ஊறவென்று பூண்டு உரித்தீர்கள். பால் சுறாக் கருவாட்டைக் கழுவத் தெரியாமல் கழுவினீர்கள். எதிர்வீட்டு ராசாத்தி அத்தை வாசலில் நின்று, "என்னண்ணே, இந்த வருசம் கவாத்து அடுப்படியிலயா?" என்றாள். "ஆமா, இங்கனதான் கொடி பட்டுப்போற மாதிரி நிக்கிது" என்றீர்கள். நான் உள்ளே படுத்துக்கொண்டு அதைக் கேட்டேன்.

இரண்டு மணி நேரத்துக்கொருமுறை பால். அவளுக்கு உறிஞ்சத் தெம்பில்லை. நான் பீய்ச்சிக் கொடுப்பேன், நீங்கள் சங்கில் ஊட்டுவீர்கள். சொட்டுச் சொட்டாக. திராட்சைக் காம்பைப் பிடித்துப் பிடித்துத் தடித்த விரல்கள். சங்கு அதில் தொலைந்துபோகும்.

பிறகு தராசு. ரோட்டோரம் சில்லறைக்குப் பழம் விற்கும் தட்டுத் தராசு. விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டீர்கள். ஒரு தட்டில் துண்டை விரித்து அவளைக் கிடத்தினீர்கள். மறு தட்டில் கல்.

ராசாத்தி அத்தை பதறிவிட்டாள். "பச்சப்புள்ளயத் தராசுல போடக்கூடாதுண்ணே. வளராது."

"வளருதான்னு பாக்கத்தான போடுறேன்."

முள் நின்றது. "துண்டுக்கு நூறு கழிச்சிருவோம்." ஒரு கிலோ அறுநூற்றைம்பது. சீட்டில் இருந்த அதே எடை. உங்களுக்கே ஆச்சரியம். வீட்டில் போட்ட எடை வியாபாரியின் தராசில் ஒருநாளும் நின்றதில்லை உங்களுக்கு. கூடைக்குக் கழிவு, காம்புக்குக் கழிவு, வாடினதுக்குக் கழிவு.

மறுநாள் காலையில் பெரியவள் தனக்கும் வேலை வேண்டும் என்று அழுதாள். கையில் தன் பழைய கம்பளிக் கவுனை வைத்துக்கொண்டு. சரி, கல் வைக்கிற வேலை உனக்கு என்றீர்கள். நீங்கள் எடுத்துக் கொடுக்க, அவள் ஒவ்வொன்றாக வைத்தாள்.

ஒரு கிலோ ஐந்நூற்றைம்பது.

ஒரே நாளில் நூறு குறைந்திருந்தது. ஆறு கிலோப் பிள்ளையா நூறு குறைய, இருந்ததே அவ்வளவுதான். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். ராசாத்தி அத்தை, "நான் சொன்னேன்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். நீங்கள் தராசை அவிழ்த்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்புறம் எடையை எழுதிச் சுவரில் குத்தினீர்கள். "தெரிஞ்சிக்கிட்டாத்தான ஆத்தா, எவ்வளவு ஏறணும்னு தெரியும்."

ஏறியது. ஐம்பது. இரண்டு நாள் அப்படியே. பிறகு இன்னொரு ஐம்பது. நான் பல்கலைக்கழகத்தில் படித்த புத்தகங்கள் எதிலும் ஐம்பது கிராம் என்பது இவ்வளவு பெரிய சொல்லாக இல்லை. பெரியவள் கல்லை வைத்துவிட்டு ஒவ்வொரு நாளும் கேட்பாள்: "நான் எத்தன கல்லு தாத்தா?" நீங்கள் அவளைத் தூக்கிப் பார்த்து, "நீ மூட்டக் கணக்குத்தா, இந்தத் தராசு தாங்காது" என்பீர்கள்.

பதினைந்தாம் நாள் காலை. ஒரு கிலோ தொள்ளாயிரத்தைம்பது.

"அம்பது" என்றீர்கள். தாளில் எழுதிவிட்டு, "இங்கனயே அம்பது குறையுது. அங்கன இன்னும் குறைச்சுத்தான் காட்டும்." நான் மதுரைக்குப் பையைக் கட்டினேன். பெரியவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தன் கவுனை எடுத்துப் பைக்குள் திணித்தாள். வழியனுப்புகிற மாதிரி. அல்லது கூட வருகிற மாதிரி. எனக்குப் புரியவில்லை.

டவுன் பஸ்ஸில் கம்பத்துக்குப் போனோம்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிள்ளையின் துணியைக் களைந்து எடை மேடையில் கிடத்தினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ரெண்டு கிலோ அம்பது."

உங்கள் குரல்தான் முதலில் வந்தது. "இன்னொருக்கா போடுங்க தாயி."

"ஏன் பெரியவரே?"

"மிஷின் கூட்டிக் காட்டுது."

"கூடினா சந்தோசப்படுங்க!"

"கூட்டிக் காட்டுற தராச நான் பாத்ததே இல்ல தாயி."

நாற்பது வருடம் தராசு குறைத்துக் காட்டுகிறது என்று சண்டை போட்ட மனிதர், முதல் முறையாக அது கூட்டிக் காட்டுகிறது என்று சண்டை போட்டார். நர்ஸ் சிரித்துக்கொண்டே திரும்பப் போட்டார். இரண்டு கிலோ ஐம்பது.

அப்போது பெரியவள் பைக்குள் கைவிட்டுக் கவுனை இழுத்தாள். எடை மேடையை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள்.

"இன்னொரு தட்டு எங்க தாத்தா? கவுன எங்கன போடுறது?"

"எதுக்குத்தா கவுனு?"

"கல்லுக்கு. பாப்பாவுக்கு மட்டும் துண்டு விரிக்கிறீக. கல்லுக்குக் குளிராதா?"

தினமும் விரித்திருக்கிறாள். நாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் நம் இரண்டு பேர் கண்ணும் முள்ளில். துண்டின் கனத்துக்கு ஈடாகக் கவுனின் கனம் மறு தட்டில் கிடந்தது. நீங்கள் அதற்கு மேலும் துண்டுக்கென்று நூறு கழித்தீர்கள். இரண்டாம் நாள் நூறு குறைந்தது கவுன். பிள்ளை ஒருநாளும் குறையவே இல்லை.

நீங்கள் விரலில் கணக்குப் போட்டீர்கள். ஒருமுறை. மறுமுறை. பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில், எல்லோரும் திரும்பிப் பார்க்க, சிரித்தீர்கள். பெரியவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டீர்கள். அவளுக்கு எதற்கென்று தெரியவில்லை, அவளும் சிரித்தாள். தோளிலிருந்து என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். "அம்மா, தூக்கு." சின்னவளை உங்களிடம் கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டேன். கனத்தாள். தையல் வலித்தது. இறக்கிவிடவில்லை.

திரும்பும் பஸ்ஸில் நீங்கள் யாரும் கேட்காமலே, "ரெண்டு கிலோ அம்பது" என்றீர்கள். கண்டக்டர் துண்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன பெருசு, பழமா?"

"பேத்தி!"

முன் சீட்டு வரைக்கும் கேட்டது. ஊர் வந்து இறங்கியதும் ராசாத்தி அத்தை வீட்டுக்குத்தான் நேராகப் போனீர்கள். "தராசுல போட்ட புள்ள எப்படி வளந்திருக்குன்னு வந்து பாரு." அவள் வந்தாள், பார்த்தாள், "கண்ணு படப்போகுதுண்ணே, மெதுவாப் பேசுங்க" என்றாள். நீங்கள் மெதுவாகப் பேசவில்லை.

உங்களிடமிருந்து எனக்கு வந்தது இதுதான் அப்பா: நல்ல செய்தி எது வந்தாலும் முதலில் நூறு கழித்துவிட்டுத்தான் நம்புகிறேன். வேலை கிடைத்தபோதும் அப்படித்தான். என் முதல் கதை அச்சில் வந்தபோதும். பழக்கம், விடவில்லை. ஆனால் கழித்த பிறகும் மிச்சம் நிற்கிறது. ஒவ்வொரு முறையும் நிற்கிறது.

பெரியவள் பசிக்கிறது என்றாள். எழுந்து போய்த் தோசை ஊற்றினேன். சின்னவள் ஐந்து சாப்பிட்டாள்.