ஆறிவிட்டதென முடிக்கப்பட்ட இடுப்புப் புண் அட்டை

அனுப்புநர்:
ஆ. பசுபதி,
ஓய்வுபெற்ற அச்சகப் பிழை திருத்துநர்,
டன்லப் ஸ்ட்ரீட், சிங்கப்பூர் 8.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
அரசாங்க மருத்துவமனை, சிங்கப்பூர்.

பொருள்: முடிக்கப்பட்ட என் சிகிச்சை அட்டையை மீண்டும் திறக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. 1964 மார்ச்சில் மழை ஈரத்தில், கடை வரிசையின் முன்னுள்ள ஐந்தடிப் பாதையில் வழுக்கி விழுந்து என் வலது இடுப்பு முறிந்தது. தங்கள் மருத்துவமனையில் உலோக மூட்டு வைத்தார்கள். ஏழாம் வாரம் தையல் தழும்பில் கடுகளவு துளை விழுந்து சீழ் வடிந்தது. அது இன்றுவரை நிற்கவில்லை. மாத்திரையும் வாரம் ஒரு கட்டுமாக இரண்டு ஆண்டுகள் போயின. நடமாட முடிந்தது.

2. அட்டை முடிக்கப்பட்டதில் பிழை என்னுடையது என்றே நினைக்கிறேன். ஒவ்வொரு வியாழக்கிழமையும் மருத்துவமனைக்குப் புறப்படுமுன் என் மனைவி வள்ளிநாயகி சீழை அழுத்தி வெளியேற்றுவார். நான் குளித்து, புதுத் துணி கட்டி, வெளுத்த வேட்டி உடுத்தி வருவேன். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் மூக்கைப் பொத்தக் கூடாது, டாக்டர் முகம் சுளிக்கக் கூடாது என்பது என் எண்ணம். இப்படியே போங்கோ, டாக்டர் கண்ணால் பார்க்கட்டும் என்று மனைவி பலமுறை சொன்னார். நான் கேட்கவில்லை.

3. இவ்வாண்டு ஜூலையில் புதிய டாக்டர் வந்தார். மூன்று வாரமும் காய்ந்த துணியையே பார்த்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டபோது மூன்று முறையும் நலம் என்றேன். பெரியவர்கள் விசாரித்தால் அப்படிச் சொல்லியே பழக்கம். ஆறிவிட்டது என்று எழுதி அட்டையை முடித்தார். மாத்திரையும் நின்றது. அவர்மீது குறை இல்லை.

4. ஆகஸ்ட் 20 முதல் மாலைதோறும் காய்ச்சல். தொடை வீங்கியிருக்கிறது. முதல் துளைக்கு இரண்டு விரற்கடை கீழே இன்னொன்று திறந்துள்ளது. இருமுறை வந்தேன். முடித்த அட்டையைத் தங்கள் உத்தரவின்றி எடுக்க முடியாது என்று பதிவு மேசையில் திரு. முகைதீன் நாற்காலி கொடுத்து விளக்கினார். சரி என்று திரும்பிவிட்டேன். வலி அதிகமில்லை. கால் என்னுடையதாகவே தோன்றவில்லை.

5. ஆகவே அட்டையைத் திறந்து, ஒருமுறை பரிசோதிக்க உத்தரவிடும்படி வேண்டுகிறேன். அன்று கட்டை மாற்றாமல் வருவேன். தனியாக உட்கார ஓர் இடம் போதும். உலோகத்தை எடுத்தால் கால் குட்டையாகிவிடும் என்று முன்பே சொல்லியிருக்கிறார்கள். அதற்கும் சம்மதம். என் மனைவியையும் அறைக்குள் அனுமதிக்க வேண்டும். டாக்டர் கேட்பதற்கு அவர் பதில் சொல்வார்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து,
ஆ. பசுபதி
(கையொப்பம்)

இடம்: சிங்கப்பூர்
நாள்: 14 செப்டம்பர் 1966