நாளைக் காலை செவிலியர் வருவார்

நவ. 3, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். துணி காயவில்லை. வீட்டுக்குள்ளேயே கொடி கட்டி, ஃபேனுக்குக் கீழே என் வீட்டுக்காரர் சாமின் வெள்ளைச் சட்டைகள்.

சாமின் குழுவுக்கு வெப் ஆப் செய்துகொடுக்கும் வேலை இன்று தொடக்கம். தீராத நோயோடு படுத்திருப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிற சின்னக் குழு. சாம் உட்பட இரண்டு செவிலியர், டிரைவரோடு ஒரு வேன், அவ்வப்போது டாக்டர். சமாதானபுரத்தில் ஒற்றை அறை ஆபீஸ், அதில் கனகாக்கா. யார் வீட்டுக்கு என்றைக்குப் போவது என்பது இதுவரை சுவரில் இருக்கும் வெள்ளைப் பலகையிலும் கனகாக்கா தலையிலும். போன மாதம் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தபோது பலகை மட்டும்தான் இருந்தது. திண்டாடிவிட்டார்கள்.

காலையில், வீட்டிலிருந்தே பார்க்கும் கம்பெனி வேலைக்கு முன், ஒரு மணி நேரம் இதற்கு.

முதல் முடிவு. ஆப் கட்ட அடித்தளமாக எடுக்கும் ஆயத்த நிரல் தொகுப்பு எது: எல்லாம் கூடவே வரும் பெரிய ஃபிரேம்வொர்க்கா, வேண்டியதை நாமே பொருத்திக்கொள்ளும் சின்னதா? இரண்டும் இலவசம், இரண்டையும் யாரும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம். கம்பெனியில் எனக்குச் சின்னதுதான் பிடிக்கும். இங்கே பெரியது. நாளை வேறொரு பெண் வந்து திறந்து பார்த்தால் எது எங்கே இருக்கும் என்று கேட்காமலே தெரிய வேண்டும். கொஞ்சம் கனம்தான். இருக்கட்டும்.

ஃபிரேம்வொர்க்கில் கடிகாரம் லண்டன் கணக்கில் இருந்தது. இந்திய நேரத்துக்கு மாற்றினேன். இல்லாவிட்டால் காலையில் நடக்க வேண்டியது மத்தியானம் நடக்கும்.

வாங்க: உளுந்து, சாமுக்கு ரப்பர் செருப்பு (பழையது வழுக்குகிறது).

நவ. 4, செவ்வாய்

மழை விட்டது. சாம் ஸ்ரீவைகுண்டம் பக்கம் போய் வந்தார். கால் முழுக்க வாழைத்தோட்டத்துச் சேறு. வாசலில் நிற்க வைத்துத் தண்ணீர் ஊற்றினேன்.

லாகின் பற்றிச் சண்டை. ஒருமுறை உள்ளே வந்தால் இரண்டு வாரம் திறந்தே இருக்கும் என்பது ஃபிரேம்வொர்க் தானாக வைத்திருக்கும் கணக்கு. நான் கால் மணி நேரமாகக் குறைத்தேன். நோயாளிகள் விவரம். போன் பஸ்ஸில் விழுந்தால்?

சாம்: "கையில கிளவுஸ் போட்டுப் புண்ணுக்குக் கட்டு மாத்திட்டு இருப்பேன். நடுவுல பாஸ்வேர்டு கேட்டா யார் அடிக்க? நீ வந்து அடிக்கியா?"

"போன் தொலைஞ்சா என்ன பண்ணுவீய?"

"தொலையாது."

"போன வருசம் தொலைச்சது யாரு?"

தோசையைப் பார்த்துச் சாப்பிட்டார்.

முடிவு: ஒரு வேலைநாள் முழுக்கத் திறந்திருக்கும். சாயங்காலம் தானே மூடிக்கொள்ளும். இரண்டு பேருக்கும் பாதித் திருப்தி.

மலையடிவாரத்தில் சிக்னல் கிடையாது. அதனால் அன்றைக்குப் போகிற வீடுகளின் விவரம் மட்டும் போனிலேயே இருக்கும், இரவு அழிந்துவிடும். எல்லாருடையதும் இருந்தால் வசதி என்றார். வசதிதான். கூடாது என்றேன். ஒத்துக்கொண்டார். கழுவிய தட்டை என் கையில் கொடுத்துவிட்டுத் தலையில் ஒரு தட்டு.

நவ. 6, வியாழன்

வெயில். சட்டைகள் மொட்டைமாடியில்.

வீடுகளுக்குப் போகும் குறுஞ்செய்தி. முதல் நாளே தெரிந்தால் குளிப்பாட்டி, சாப்பிட வைத்து ரெடியாக இருப்பார்கள். கனகாக்காதான் கேட்டது. வாசகம் பற்றி அரைமணி நேரம் போனில். நோயாளி பெயர் வேண்டாம், நோய் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். பேரப்பிள்ளைகள் எடுத்துப் படிக்கும் போன்கள். கடைசியில்:

"வணக்கம். நாளைக் காலை செவிலியர் உங்கள் வீட்டுக்கு வருவார்."

அடுத்தது அனுப்பும் முறை. ஞாயிற்றுக்கிழமையே வாரம் முழுவதுக்குமான செய்திகளை வரிசையில் நிறுத்திவிடலாம். அல்லது ஒவ்வொன்றையும் அனுப்பும் அந்த நொடியில் டேட்டாபேஸைப் பார்த்து, அனுப்பலாமா என்று கேட்டு அனுப்பலாம். இரண்டாவது சரி. முதலாவது லேசு. நம் சர்வர் இருப்பதிலேயே சின்னது. எப்போதும் ஓடிச் சரிபார்க்கும் இன்னொரு நிரலை வைக்க அதில் இடமில்லை. முதலாவதையே வைத்தேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆளை நீக்குவது பற்றியும். ஒருவரை நீக்கினால் அவரோடு சேர்ந்த எல்லாமும் நீங்கும் என்று வைக்கலாம், நீக்கவே விடாது என்றும் வைக்கலாம். நீக்க விடாது என்று வைத்தேன். இறந்தவருக்கு நிலை மட்டும் மாறும். பெயர் பட்டியலில் வராது. உள்ளே இருப்பார்.

ஞாயிறு முதல் எல்லாரும் இதில்தான்.

நவ. 11, செவ்வாய்

மறுபடி மழை. வி.கே.புரம் பேச்சியம்மாள் காலையில் இறந்துவிட்டார். வயிற்றில் புற்று. மூன்று மாதமாக வாரா வாரம் வியாழக்கிழமை சாம் போய்க்கொண்டிருந்தார். சாயங்காலமே எடுத்துவிட்டார்களாம்.

வீட்டுக்காரர் ஆறுமுகம் அண்ணாச்சி, நூல்மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர்தான் மனைவிக்கு எல்லாம் செய்தது. மருந்து, துணி, கஞ்சி. "நான் பாத்ததுலயே மாத்திரைய நேரம் தவறாம குடுத்தது அந்த அண்ணாச்சிதான்" என்றார் சாம். ஆப்பில் பேச்சியம்மாளின் நிலையை மாற்றியவரும் சாம்தான். மாற்றிவிட்டு வெகுநேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தி மீன் குழம்பு. அவருக்கு இறங்கவில்லை.

நவ. 12, புதன்

கம்பெனி மீட்டிங் நடுவில் கனகாக்கா மூன்று முறை அழைத்துவிட்டார்.

"ஹெப்சி, ஒரு காரியம் நடந்துபோச்சு. வி.கே.புரம் அண்ணாச்சி போன் பண்ணாரு. 'நாளைக்கு நர்ஸ் தம்பி வாறாகன்னு போன்ல வந்திருக்கு, எத்தன மணிக்கு வருவாக'ன்னு கேக்காரு."

செய்தி போயிருக்கிறது. மனைவியை எரித்த மறுநாள் காலை. ஞாயிறு அன்றே வரிசையில் நின்ற செய்தி. நிலை மாறியது செவ்வாய்க்கிழமை. வரிசை அதைக் கேட்கவேயில்லை. கேட்க வேண்டாம் என்று வைத்தது நான்.

மீட்டிங்கில் வேறு யாரோ என் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

மீதிச் செய்திகளை நிறுத்தினேன். அனுப்பும் நொடியில் சரிபார்க்கும் முறைக்கு மாற்றினேன். சர்வர் திணறுகிறது. திணறட்டும். கம்பெனி வேலையை இரண்டு மணி நேரம் தொடவில்லை.

சாம் வந்ததும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "கனகாக்கா என்ன பதில் சொன்னாங்க?"

"விசாரிச்சுச் சொல்லுதேன்னு வச்சிட்டாங்களாம்."

"பத்து மணிக்கு வாரேன்னு சொல்லச் சொல்லு."

"அவர் ஞாபகம் இல்லாமக் கேக்காரோ என்னமோ."

"ஞாபகமெல்லாம் இருக்கும். வரச் சொல்லுதாரு. அவ்வளவுதான்."

நானும் வருவேன் என்றேன்.

நவ. 13, வியாழன்

லீவு போட்டேன். வேனில் முன் சீட்டில் நான். அம்பை தாண்டியதும் மலை முழுக்க மேகம். ஆற்றில் தண்ணீர் செம்மண் நிறம்.

மில் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் தெரு. வாசலில் சைக்கிள். அண்ணாச்சி சட்டை போட்டு, திருநீறு பூசி உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு இரண்டு நாற்காலி எடுத்துப் போட்டிருந்தார். திருப்பூரில் இருக்கும் மகள் வந்திருக்கிறாள், உள்ளே. எங்களைப் பார்த்ததும் அவளுக்குத்தான் சங்கடம். "அப்பா, அவங்க ஏன்..." என்றாள். "வரச் சொன்னது நான்தாம்மா. நீ காப்பி போடு."

மன்னிப்புக் கேட்கத் தயாராகப் போயிருந்தேன். ஆரம்பித்தேன். "அண்ணாச்சி, அந்தச் செய்தி தவறிப்போய்..."

"தவறுனா என்ன. நல்லதாப் போச்சு" என்றார். அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். நாற்காலியை சாம் பக்கம் பைய நகர்த்தினார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். யார்ட்டயும் கேக்க முடியல."

"கேளுங்க."

"அன்னைக்கு வெள்ளன முனங்கினா. வலி மாத்திரையக் கரைச்சுக் குடுத்தேன். கொஞ்ச நேரத்துல மூச்சு அடங்கிட்டு." நிறுத்தினார். "நான் குடுத்ததுனாலயா?"

சாம் மாத்திரை மிச்சம் இருந்தால் எடுத்து வரச் சொன்னார். அட்டையைப் பார்த்தார், எண்ணினார். எத்தனை கொடுத்தீர்கள், எப்போது, எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அண்ணாச்சி பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னார்.

"அண்ணாச்சி, மூணு மாசமா என்ன அளவு குடுத்தீங்களோ அதேதான் அன்னைக்கும் குடுத்திருக்கீங்க. இது வலியத்தான் எடுக்கும். போனது நோயால. நீங்க குடுக்கலன்னாலும் போயிருப்பாங்க. வலியோட போயிருப்பாங்க."

"அப்பம் வலி இல்லாமத்தான் போனாளா?"

"இல்லாமத்தான்."

அண்ணாச்சி துண்டை எடுத்து முகத்தில் வைத்தார். எடுக்கவே இல்லை. மகள் காப்பியோடு வந்து கதவருகே நின்றுவிட்டாள். எவ்வளவு கேட்டாளோ. டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு அப்பா தோளைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பும்போது வேனில் சாம் தூங்கிவிட்டார். என் தோளில் தலை. ஒரு பக்கம் மரத்தது. அசையவில்லை.

நவ. 14, வெள்ளி

ஆபீஸில் மூவரும். இறந்தவர் வீட்டுக்கு ஒருமுறை போக வேண்டும், அதை ஆப்பிலேயே வைக்க வேண்டும் என்றார் சாம்.

கனகாக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "உசுரோட இருக்கவங்களப் பாக்கவே ஆள் பத்தல. நேத்து நீங்க ரெண்டு பேரும் அங்கன இருந்த நேரம், கல்லிடைக்குறிச்சியில ஒருத்தர் டியூப் அடைச்சுக்கிட்டு சாயங்காலம் வர காத்துக்கிடந்தாரு. அதையும் சொல்லணும்லா."

உண்மை. சாம் முகம் சிறுத்தது. வெளியே யாரோ வாழைத்தார் விலை பேசிக்கொண்டிருந்தார்.

பிறகு அக்காவே: "போகவே கூடாதுன்னு சொல்லல. அந்தப் பக்கம் போற அன்னைக்கு, ஒரு தடவ."

குறுஞ்செய்தி தானாகப் போகட்டுமா என்று கேட்டேன். தானாகப் போனால் யாரும் விட்டுப்போகாது. ஆனால் இழவு வீட்டுக்கு மெஷின் எழுதுவது... "வேண்டாம்" என்றார்கள் இரண்டு பேரும், ஒரே நேரத்தில். அப்படியானால் வீட்டுக்குச் செய்தி இல்லை. ஆப் செவிலியருக்கு மட்டும் நினைவூட்டும். போன் பண்ணுவது மனிதர்.

எத்தனை நாள் கழித்து? சாம் ஒரு வாரம் என்றார். அக்கா: "பதினாறு கழிஞ்சு ஒறமொற எல்லாம் போனப் பெறகுதான் வீடு வெறிச்சுனு ஆவும்." எங்கள் கிறிஸ்தவ வீடுகளில் பதினாறாம் நாள் காரியம் கிடையாது. மேலப்பாளையத்து முஸ்லிம் வீடுகளில் வேறு கணக்கு. அண்ணாச்சிக்கோ மறுநாளே தேவைப்பட்டது.

தானாகவே விழும் தேதி, டிஃபால்ட், எதுவும் வைக்கவில்லை. காலியாக விடவும் விடாது. நிலையை இறப்பு என்று மாற்றினால், அந்த வீட்டை நினைத்து ஒரு தேதியை ஆளே போட வேண்டும். ஃபிரேம்வொர்க் எழுதியவர்கள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். வேகமாக நடக்க வேண்டிய இடத்தில் வேண்டுமென்றே ஒரு தடை.

நவ. 16, ஞாயிறு

சர்ச் முடிந்து வந்து இட்லி. வெளிச்சமான நாள். சாமுக்கு விடுமுறை.

அந்தத் தேதிக்கான புதிய கட்டத்தை டேட்டாபேஸில் சேர்க்க உட்கார்ந்தேன். ஃபிரேம்வொர்க் கேட்டது: இந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்கிறாய், ஏற்கெனவே உள்ளவர்களுக்கு என்ன போடட்டும்? ஏதாவது ஒரு தேதியைக் கொடுத்தால் எல்லாருக்கும் அதையே போட்டுவிட்டு நகரும். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். நானும் கம்பெனியில் எத்தனையோ முறை.

ஏற்கெனவே இறந்தவர்கள். பழைய பலகையிலிருந்தும் கனகாக்கா நினைவிலிருந்தும் ஏற்றிய பெயர்கள். யார் வீட்டுக்கும் அதற்குப் பிறகு யாரும் போகவில்லை.

சாமைக் கூப்பிட்டேன். நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒவ்வொன்றாக. அவர் நினைவு எனக்கு ஆச்சரியம். "இந்த வீட்ல மகன் கூடங்குளத்துல காண்ட்ராக்ட் வேல, ஞாயித்துக்கிழமதான் இருப்பான்." "இவங்க வீட்டுக்காரம்மாவுக்கு நான் போனா அழுகை வரும். கனகாக்கா போகட்டும்." "இங்க வேண்டாம். வீட்டயே வித்துட்டுப் போயிட்டாங்க. போன் மட்டும்." கனகாக்கா சொன்னபடி, அந்தந்தப் பக்கம் வேன் போகிற நாளாகப் பார்த்துத் தேதி. நான் தட்டினேன். பிறகு கை வலித்தது, அவர் தட்டினார்.

அடுத்த பெயரில் நிறுத்தினார். ஞானம்மாள், பாளையங்கோட்டை. என் அம்மா. போன வருடம் இங்கே, பக்கத்து அறையில்தான் படுத்திருந்தாள். சாமின் குழுதான் பார்த்தது. ஏற்றியவர் கனகாக்கா. நான் அந்த வரியைக் கவனித்திருக்கவில்லை.

கீபோர்டிலிருந்து கையை எடுக்காமல் கேட்டார். "இந்த வீட்டுக்கு என்னைக்குப் போடட்டும்?"

அவரே இன்றைய தேதியைப் போட்டார். சேமித்தார். டீ போட எழுந்துபோனார்.

அவர் பாலை அடுப்பில் வைக்கும் முன்பே கேட்டுவிட்டேன். "கடைசி நாள் நான் கதவச் சாத்திக்கிட்டு மீட்டிங்ல இருந்தேன்லா. அம்மாவும் நீங்களும் பேசுற சத்தம் கேட்டுச்சு. என்ன சொன்னா?"

அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"உன்னக் கூப்பிடட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்னாங்க. கதவ மட்டும் லேசாத் தொறந்து வைங்க, அவ என்ன பேசுதான்னு எனக்கு ஒண்ணும் விளங்கல, ஆனா கேக்க நல்லாருக்குன்னாங்க. நான் தொறந்து வச்சேன். உன் சத்தத்தக் கேட்டுக்கிட்டேதான் தூங்குனாங்க."