தினம் ஒரு ஓட்டை

ஆகஸ்ட் 4, திங்கள்
செடி நட மலைக்குச் சாருலதாதான் போகிறாளாம். மீட்டிங்கில் ராகவேந்திரன் சார் சொன்னதும் எல்லோரோடும் சேர்ந்து நானும் கை தட்டினேன். மலையுச்சியிலிருக்கும் அந்தத் தேசியப் பூங்காவை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத காசித்தும்பை வகை அது. அங்கேயும் அழிந்துகொண்டு வருகிறது. இந்த அடையாறு லேபில் மூன்று வருடமாக அதைப் பாட்டிலுக்குள் வளர்த்தது நான். கொண்டுபோய் மண்ணில் நடப்போவது அவள்.
"லேபுக்கு நீ வேணும்மா பொன்மணி" என்றார் சார். நன்றாகத்தான் பேசுகிறார்.

ஆகஸ்ட் 5
வயிறு எரிகிறது. இதைவிடக் கௌரவமான வார்த்தை தேடினேன், அகப்படவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு
ஃபோட்டோ அனுப்பியிருக்கிறாள். பனி, பாறை, மழைக்கோட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு. "நீயும் வந்திருக்கணும்டி." யார் வரமாட்டேன் என்றது? "கோட்டு யாரோடது, தொளதொளன்னு இருக்கு" என்று பதில் போட்டேன்.
அம்மா எட்டிப் பார்த்தாள். "அந்தப் பொண்ணு நல்லாத்தான கீது? நீ இன்னாத்துக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு கீற?"

ஆகஸ்ட் 12, செவ்வாய்
போன் செய்தாள். கேம்ப்புக்கு மேலே ஒரு பாறையில் ஏறினால்தான் சிக்னலாம்.
"எல்லாத்தையும் நட்டாச்சுடி. இங்க ஒரே பனி, காத்தே ஈரமாத்தான் இருக்கு. மேல கவுத்திருக்கற கப்பையெல்லாம் இன்னிக்கே எடுத்துடலாம்னு இருக்கேன்."
எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாட்டிலில் வளர்ந்த செடிக்கு வெளிக்காற்றே தெரியாது. பிளாஸ்டிக் கப்பைக் கவிழ்த்து, அதில் தினம் ஒரு ஓட்டை போட்டுத்தான் பழக்க வேண்டும்.
"எடுக்காத. தெனம் ஒரு ஓட்ட போடு. இதுகூடத் தெரியாமயா ஒன்ன அனுப்புனாங்க?"
கடைசி வாக்கியம் வேண்டியதில்லை. தெரிந்தேதான் சொன்னேன்.
"நான் எது பண்ணாலும் உனக்குத் தப்புதான். எங்காத்துலகூடச் சொல்லிட்டுதான் வந்தேன், பொன்மணிக்கு மனசு ஆறலைன்னு." வைத்துவிட்டாள்.
சாரிடம் சொல்லலாமா? கோள் மூட்டுகிறேன் என்று நினைப்பார். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 17
ஃபோட்டோ ஏதும் வரவில்லை. நிம்மதியாக இருக்கிறது. என்ன நிம்மதி இது?

ஆகஸ்ட் 20, புதன்
கப்பை எடுத்தபின் ஒரு மதியக் காற்றில் அத்தனையும் கருகிவிட்டதாம். சார் சொன்னபோது ஒரு கணம் — ஒரு கணம்தான் — குளிர்ந்தது. அப்புறம் பாத்ரூமுக்குள் போய் அழுதேன். என் செடிடி அது. மூணு வருஷம்டி, பாவி.

ஆகஸ்ட் 29, வெள்ளி
சாரு திரும்பிவிட்டாள். மயிலாப்பூர் குளத்துக்கு எதிரே காப்பி குடிக்கக் கூப்பிட்டாள். முகம் சுண்டிப்போயிருந்தது.
"நீ பொறாமைல சொல்றேன்னு நெனச்சேன்டி."
"பொறாமைலதான் சொன்னேன்" என்றேன். "ஆனா சொன்னது நெஜம்."
காப்பி ஆறிப்போனது.

செப்டம்பர் 14, ஞாயிறு
பூங்கா. மிச்சமிருந்த பாட்டில்களோடு என்னை அனுப்பிவிட்டார்கள். அவள் நட்ட அதே இடம். காய்ந்த தண்டுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் என்னுடையதை நட்டேன். ஃபோட்டோவில் பார்த்ததைவிட அழகாக இருக்கிறது மலை.
சாயங்காலம் பாறையில் ஏறி சாருவுக்கு போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. அவளிடத்தில் நான் இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன்.