லிகோனின் மகன் நம் அடுப்பைச் சுற்றினான்

அன்பு மகன் தெரோனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கை நிசாவும் சுகம், கருப்பு ஆடு இரட்டைக் குட்டி போட்டிருக்கிறது, கூடத்து அடுப்பில் நெருப்பு அணையவில்லை. நீ கை கால் முழுசாக இருக்கிறாய் என்று எண்ணெய்க் கப்பல்காரர் வந்து சொன்ன பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது. குதிகால் வெடிப்புக்கு வாத்துக் கொழுப்பு தடவு, தோல் கவசத்துக்கு உள்ளே நான் நெய்த கம்பளிச் சட்டையைப் போடு, யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.

கப்பல்காரர் இன்னொன்றும் சொன்னார். ட்ராய் விழுகிற அன்று, ஊருக்குக் கப்பல் ஏறும் முன் லிகோனைக் கொன்று அப்பாவின் பழியைத் தீர்ப்பேன் என்று பாளையத்தில் எல்லார் முன்னாலும் சத்தியம் செய்திருக்கிறாயாமே. இரண்டு பேரும் ஒரே அரசனுக்கு வாக்குக் கொடுத்துப் போனதால் போர் முடியும்வரை கை வைக்க முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறாயாம், உன் தோழன் பெலாகோன் பக்கத்தில் நின்று கைதட்டினானாம். அவனுக்கென்ன, அவன் வீட்டில் யாரும் சாகப்போவதில்லை. மேய்ச்சல் தகராறில் லிகோனின் அப்பா உன் அப்பாவை ஈட்டியால் குத்தியதை நான் மறக்கவில்லை, அந்தக் காயத்தைக் கழுவியவள் நான்தான். குத்தியவன் நோயில் போய்ச் சேர்ந்துவிட்டான், பழி அவன் மகன் தலையில் வந்து நிற்கிறது. நான் மறந்துவிட்டுப் பேசுகிறேன் என்று நினைக்காமல் மேலே படி, பாதியில் இந்த எழுத்துப் பலகையைத் தூக்கி எறியாதே.

ஆலிவ் பறிக்கிற சமயம், நல்ல மழை. தலையோடு போர்த்திக்கொண்டு ஒரு பெண் கேட்காமல் கொள்ளாமல் உள்ளே வந்து அடுப்புச் சாம்பலில் உட்கார்ந்துவிட்டாள். நிறைமாதம். முகத்தைத் திறந்தால் லிகோனின் பெண்டாட்டி மைரா. போன வசந்தத்தில் படைக்கு ஆள் சேர்க்க லிகோன் ஊருக்கு வந்து போனானே, அப்போது உண்டான பிள்ளை. அவனுடைய மாற்றாந்தாய் மகன், அதுதான் அந்த ஓநாய்மூஞ்சி, இது அண்ணன் பிள்ளையே இல்லை, பிறந்ததும் மலையில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவேன் என்றிருக்கிறான். இவள் இரவோடிரவாகக் கிளம்பிவிட்டாள். நம் வீட்டுக்கு வர உனக்கு எப்படித் துணிச்சல் வந்தது என்று கேட்டேன். "எதிரி வீட்டுல யாரு வந்து தேடுவா? உங்க வீட்டுக்காரரைக் கொன்னவரோட மருமக நான், தெரிஞ்சுதான் வந்தேன். துரத்துறதா இருந்தா நீங்களே துரத்துங்க, வேற யாரு சொன்னாலும் எழுந்திரிக்க மாட்டேன்" என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் அந்தத் தைரியம் பிடித்திருந்தது, பொய் சொல்வானேன். சாம்பலில் உட்கார்ந்தவளைக் கைபிடித்து எழுப்பினால் அவள் நம் வீட்டாள் ஆகிவிடுவாள் என்று தெரிந்தேதான் கையை நீட்டினேன்.

பையன் பிறந்தான். அதற்குள் விஷயம் தெரிந்து உன் சித்தப்பா கிராந்தோர் நாலு பெரிய மனிதர்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். "அண்ணன் ரத்தம் இன்னும் காயலை அண்ணி, கொன்னவன் பேரனுக்கு இங்க தொட்டில் கட்டுறீங்களா?" என்று வாசலில் நின்று சத்தம் போட்டான். நான் விடுவேனா? "அண்ணன் ரத்தம் உனக்கு இப்பதான் ஞாபகம் வருதாக்கும். அவரை கதவுமேல படுக்க வெச்சுத் தூக்கிட்டு வந்தப்போ நீ எந்த மலையில ஆடு தேடிக்கிட்டிருந்தே?" என்று கேட்டேன், கூட வந்தவர்களில் ஒருவர் சிரிப்பை அடக்கத் தாடியைத் தடவிக்கொண்டார். உன் சித்தப்பாவும் அந்த ஓநாய்மூஞ்சியும் துறைமுகத்தில் ஒரே கிண்ணத்தில் குடித்துக்கொண்டிருந்ததை நிசா தன் கண்ணால் பார்த்திருக்கிறாள். அவளை அந்த ஓநாய்மூஞ்சிக்கே கட்டிவைக்கப் பேச்சும் நடக்கிறது. நீயும் லிகோனும் அங்கே ஒருவரையொருவர் குத்திக்கொண்டு செத்தால் இங்கே இரண்டு வீட்டுக் கூடத்திலும் யார் கால் நீட்டி உட்காருவார்கள் என்று நீயே யோசித்துப் பார்.

பிறந்த குழந்தையை வீட்டு ஆண் தூக்கிக்கொண்டு அடுப்பைச் சுற்றாவிட்டால் அது யாருக்கும் சொந்தமில்லை, மலையில் போட்டாலும் கேட்பாரில்லை. சித்தப்பா அதைத்தான் பிடித்துக்கொண்டான். "நான் தூக்க மாட்டேன். தெரோன் கடலுக்கு அந்தப் பக்கம். யாரு சுத்துவா, நீங்களா?" என்றான். ஆமாம், நான்தான் என்றேன். பொம்பளை சுற்றினால் செல்லாது என்றார்கள். "என் வீட்டுக்காரர் போனதுலேருந்து இந்த நெருப்பை அணையாம காத்தது எந்த ஆம்பளை? பேரு சொல்லுங்க, அவனையே தூக்கச் சொல்றேன்" என்றேன். அவர்கள் கண்ணெதிரே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுப்பைச் சுற்றினேன், அது வீல் வீல் என்று கத்திக்கொண்டே வந்தது.

சுற்றி முடித்ததும் பெயர் சொல்ல வேண்டும். முறைப்படி பார்த்தால் அப்பாவைப் பெற்றவன் பெயர், அதாவது உன் அப்பாவைக் குத்தியவன் பெயர். அது என் வாயில் வரவில்லை. மைரா அழுதுகொண்டே, "உங்க வாயில வர்ற பேரை வைங்க" என்றாள். மெலாந்தோர் என்றேன். உன் அப்பா பெயர்தான். உன் மகனுக்கென்று வைத்திருந்த பெயர், கோபித்துக்கொள்வாய், கோபித்துக்கொள். கொடுத்தது கொடுத்ததுதான்.

இனி அவன் உன் தம்பி. அவன் அப்பாவை நீ கொன்றால் பழி தீர்க்கும் கடமை அவனுக்கு வரும். உன் கூரைக்குக் கீழேயே வளர்ந்து, உன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒருநாள் உன்மேல் ஈட்டியை எடுப்பான். அவனைத் தடுக்க எனக்கு வாய் இருக்காது. சத்தியம் என்னாவது என்று கேட்பாய். மீறிவிடு. அதற்குத் தண்டனை உண்டென்றால் என் தலையில் விழட்டும், தெய்வங்களிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஊரார் கோழை என்றால் என் முன்னால் வந்து சொல்லட்டும். இந்தப் பலகை கைக்கு வந்ததும் லிகோனின் கூடாரத்துக்கு நீயே போ, ஆள் அனுப்பாதே. அவன் பெண்டாட்டியும் பிள்ளையும் நம் வீட்டில் இருக்கிறார்கள் என்று சொல். அவன் முதலில் வாளை எடுப்பான், பொறுத்துக்கொள்.

அடுப்பைக் காக்கிற ஹெஸ்தியா தாய் உன்னைக் காப்பாற்றட்டும், உன்மேல் அம்பு படாமல் இருக்கட்டும், நீ நூறு அறுவடை பார்க்க வேண்டும். நிசா கல்யாணத்துக்கு நான் சம்மதிக்கவில்லை, நீ வரும்வரை சம்மதிக்கவும் மாட்டேன். ஊருக்கு வரும்போது லிகோனையும் கூட்டிக்கொண்டு வா. அவன் இல்லாமல் நீ மட்டும் தனியாக வந்தால் கதவைத் திறக்க நான் வரமாட்டேன். அதற்குள் நடக்கப் பழகியிருக்கும் மெலாந்தோரைத்தான் அனுப்புவேன். அப்பா எங்கே என்று அவன் கேட்பான், நீயே பதில் சொல்லிக்கொள்.

உன்னைப் பெற்றவள்,
மெலிதே