மருந்துக்கு முன் தண்ணீர்

12 செப்டம்பர் 2006, செவ்வாய்

இன்று பட்டாசுக் கம்பெனியில் தீக்காய முதலுதவி வகுப்பு எடுத்தேன். நர்சிங் மாணவிகளும் வந்திருந்தார்கள். புண்ணில் இங்க்கையும் மாவையும் அப்பும் ஆட்களிடம், "எந்த மருந்துக்கும் முன்னாடி தண்ணி ஊத்துங்க" என்று தொண்டை வற்றக் கத்தினேன்.

மாலையில் பஸ் ஸ்டாப்பில் நின்றபோது, கிளம்பிய திருத்தங்கல் பஸ்ஸிலிருந்து மாரியம்மாள் எட்டிப் பார்த்தாள். அந்தக் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவள்.

"டீச்சர், நீங்க சொன்னீகள்ல, மருந்து ரூம்ல ஒரு குடம் தண்ணி வச்சிட்டேன். மருந்து புகைஞ்சா உடனே ஊத்திருவேன்!"

பஸ் போய்விட்டது.

அவர்களுக்கு மருந்து என்றால் வெடிமருந்து. அதில் கலக்கும் அலுமினியப் பொடி எரியும்போது தண்ணீர் பட்டால் வெடிக்கும். இந்த ஊரில் அந்தச் சொல்லை எப்படி யோசிக்காமல் சொன்னேன்?

கம்பெனி போனை யாரும் எடுக்கவில்லை. காலையில் முதல் பஸ்ஸில் போகலாம். ஆனால் வெயிலுக்குப் பயந்து அவர்கள் அதற்கு முன்பே மருந்து கலக்க உட்கார்ந்துவிடுவார்கள்.