ஓட்டைக்குள் விழுந்த பை

ஜாஸ்பர் அப்பாவுக்கு மர்சலின் பணிவோடு எழுதுவது. உங்கள் மூச்சிரைப்பு குறைந்ததா? நான் சுகம்.

ஞாயிற்றுக்கிழமை ராஜா அண்ணாமலைபுரத்தில், நான் சமைக்கும் வீட்டுத் தோட்டத்தில் ஒரு விளையாட்டு. ஓட்டை போட்ட பலகையைச் சாய்த்து வைத்து, தூர நின்று பயறு அடைத்த சின்னத் துணிப் பைகளை ஓட்டைக்குள் எறிய வேண்டும். எட்டுப் பையும் நான் தைத்தது. வண்டு வராமலிருக்க வேப்பிலையும் போட்டிருந்தேன். விருந்துக்கு வந்தவர்கள் அந்த வாடைக்கு மூக்கைப் பொத்திச் சிரித்தார்கள்.

ஓர் ஆள் குறைந்ததால் என்னைக் கூப்பிட்டார்கள். முதல் பையே ஓட்டைக்குள் விழுந்தது.

"இன்னாம்மா, கலக்கிட்ட!" என்றார் வீட்டு டிரைவர்.

"மர்சலின் போட்டது கணக்குல வேணாம்," என்றார் வீட்டம்மா. தைக்க மட்டும் என் கை ஆகிறது.

என் அறையில் பேச்சுச் சத்தமே இல்லை. நம் சின்ன ரேடியோவை அனுப்புங்கள். உங்கள் பேத்தி ஜொவிட்டாவிடம் பை ஓட்டைக்குள் விழுந்ததை மட்டும் சொல்லுங்கள். கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

மர்சலின்