லீட்ஸில் பொழுது சாயும் நேரம்

செஞ்சி, 3-7-1966, ஞாயிறு

மனம் ஒரு நிலையில் இல்லை. சர்வே இலாகாவில் இருந்தபோது, கரடான நிலத்துக்குப் போகுமுன் எதிர்ப்படக்கூடியவற்றை எண் போட்டு எழுதிக்கொள்வேன். பயம் சற்றுக் குறையும். அப்படியே இப்போதும்:

1. பேத்தி ஜெயமாலாவுக்கு இங்கிலாந்தில் மேற்படிப்புக்கு உதவித்தொகை கிடைத்துவிட்டது. லீட்ஸ் நகரம். சாயங்களின் ரசாயனம். ஆகஸ்ட் 18 பம்பாயில் கப்பல்.

2. அவள் அப்பன் சாந்திநாதன், என் ஒரே மகன், விடமாட்டான். அடிப்பான். தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கும் ஜைன வீடுதான் இது. இருந்தும் மருமகள் சந்தனாவின் முன்பல் ஒன்று அவன் கையால்தான் போயிற்று.

3. நான் எதுவும் செய்யமாட்டேன். எழுபத்திரண்டு வயதில் இந்தக் கையால் தெரிந்து ஓர் எறும்பு செத்ததில்லை. என்னால் யாருக்கும் தீங்கு இல்லை. நன்மையும் இல்லை.

4. சாந்தியின் பலம் மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டை தூக்கி வந்த பலம். எதிர்த்து நிற்பது புத்தியில்லை.

7-7-66

தவறு செய்துவிட்டேன்.

மாலை ஐந்தரைக்குச் சாப்பிட உட்கார்ந்தோம். விளக்கு வைத்த பிறகு இந்த வீட்டில் யாரும் வாயில் எதுவும் போடுவதில்லை. மண்டியில் நல்ல விலையாம், சாந்தி சாந்தமாகவே இருந்தான். "அங்க போயும் பொழுதோட சாப்ட்டுடுவியா?" என்று மகளைக் கேட்டான். "சாப்ட்டுடறேன் நைனா" என்றாள். அதோடு முடிந்திருக்கும். நான்தான் கணக்குப் போட்டு வைத்திருந்ததைப் பெருமையாகச் சொன்னேன்: மார்கழியில் லீட்ஸில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், காலை எட்டுக்கு மேல்தான் உதிக்கும்.

அவன் கவளத்தைத் தட்டிலேயே போட்டான். "நாலு மணிக்கு இவ காலேஜ்ல இருப்பா. அப்பறம் இன்னா, விடியறமட்டும் பட்டினி கெடப்பாளா? இருட்டுல திம்பா. அப்பறம் முட்ட. அப்பறம் ஆடு."

"மாட்ட உட்டுட்டியே நைனா," என்று சிரித்தாள் ஜெயமாலா.

பித்தளைத் தட்டு அவள் நெற்றியில் போய் விழுந்தது. புருவத்துக்கு மேல் கிழிந்துவிட்டது. மடியில் கொட்டிய சோறு சிவந்துபோயிற்று.

8-7-66

சூரியனைப் பற்றி என்னை யார் கேட்டார்கள்?

17-7-66, ஞாயிறு

ஜினாலயத்துக்கு எல்லோரையும் அழைத்துப்போனான். ஜைனர் கையால் சமைக்காத எதையும் தொடமாட்டேன் என்று அவள் விரதம் ஏற்கவேண்டுமாம். சன்னதியில் ஏற்ற விரதத்தை அவள் மீறமாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும். லீட்ஸில் ஜைனர் அடுப்பு ஏது? ஏற்றால் பயணம் நின்றது.

"கறி தொடமாட்டேன், முட்ட தொடமாட்டேன். இப்பவே ஏத்துக்கறேன். காப்பாத்த முடியாதத மட்டும் ஏத்துக்கச் சொல்லாத நைனா," என்றாள்.

வெளியே வந்ததும் பின்னலைச் சுருட்டிப் பிடித்துக் கல்தூணில் அவள் தலையை மோதினான். மறுபடியும் மோதினான். சந்தனா அவன் காலைக் கட்டிக்கொண்டாள். உதைத்தான்.

நான் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

18-7-66

"மாமா, நீங்க ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" என்கிறாள் சந்தனா. சொல்லலாம். எந்த வார்த்தை?

26-7-66

சொன்னேன். மூன்று வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். "பெண்ணை அடிக்காதேப்பா" என்ற முதல் வாக்கியத்தோடு அவன் கை என் கழுத்துக்கு வந்துவிட்டது. சுவரோடு வைத்து அழுத்தினான்.

"பென்ஷன வாங்கனமா, தின்னமான்னு கெட. இன்னொரு வாட்டி வாயத் தொறந்தே, கெயவன்னு பாக்கமாட்டேன்."

பிறகு ஜெயமாலாவை அறைக்குள் தள்ளிப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான். விழுங்கும்போது தொண்டை வலிக்கிறது. கழுத்தில் அவன் விரல்கள் அப்படியே இருக்கின்றன.

13-8-66

வரிசையாக எழுதவேண்டும்.

மத்தியானம் ஜெயமாலா அறை ஜன்னல் வழியாக ஜட்கா வண்டிக்காரன் தோமினிக்கைக் கூப்பிட்டாள். "நாளைக்கு திண்டிவனம் பஸ்ஸுக்கு வண்டி கொண்டாங்கண்ணே. பூட்ட ஒடச்சிக்கினாவது வந்துடுவேன்." தெருவே கேட்டது. மண்டிக்கும் சேதி போய்விட்டது.

சாந்தி மூட்டை இழுக்கும் கொக்கியோடு வந்தான். பூட்டைத் திறந்தான். "கால்ல ஒரு கொத்து கொத்தனா எங்க போவா, பாப்பம்."

கொத்தினான். கொக்கி ஆடுதசையில் இறங்கிவிட்டது. அவள் அலறவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவன் கொக்கியைப் பிடுங்கி மறுபடி ஓங்கினான்.

தெருக்கதவுக்குப் போடும் தாழ்க்கட்டை என் கையில் எப்படி வந்தது? தினமும் நான்தான் அதைப் போடுகிறேன், எடுக்கிறேன். முதல் அடி தோளில். கொக்கி விழவில்லை. இரண்டாவது அடியில் விழுந்தது. கை ஒடிந்த சத்தம் எனக்கே கேட்டது.

கொக்கி தரையில் கிடந்தது. அவனும் உட்கார்ந்துவிட்டான். அப்புறமும் ஓங்கி, ஒடிந்த அதே இடத்தில் இன்னொன்று அடித்தேன்.

"இன்னா நைனா..." என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

அந்தக் கடைசி அடி எதற்கு?

14-8-66

தோமினிக் வண்டியோடு வந்தான். "வூட்டுல மல்லாட்ட மூட்ட சரிஞ்சிடுச்சாமே பெரியவரே? ஆஸ்பத்திரில ஒங்க புள்ளயே சொல்லிக்கினு இருந்தாரு."

"ஆமாம்" என்றேன்.

தாங்கித் தாங்கி வண்டியேறும் ஜெயமாலாவைப் பார்த்தான். "பாப்பா மேலயும் சரிஞ்சிடுச்சா? பொல்லாத மூட்டதான்," என்று குதிரையைத் தட்டினான்.

காலில் கட்டுப் போட்ட நர்ஸ் ஆறு நாள் படுக்கச் சொன்னாளாம். "கப்பல்ல படுத்துக்கறேன் தாத்தா" என்றாள். என் வலது கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வந்தாள். இழுத்துக்கொண்டேன்.

பம்பாய் ரயிலில் ஏற்றிவிடச் சந்தனா சென்னைவரை போயிருக்கிறாள்.

12-9-66

போய்ச் சேர்ந்துவிட்டாள். தந்தி வந்தது.

சாந்தியின் கையில் இன்னும் மாவுக்கட்டு. சந்தனா ஊட்ட மறுத்துவிட்டாள். "ஒடச்சது நீங்க. நீங்களே ஊட்டுங்க மாமா." இருபத்தைந்து வருஷத்தில் அவள் குரல் இப்படி ஒலித்து நான் கேட்டதில்லை. ஆகவே தினமும் பொழுது சாயுமுன் என் மகனுக்குச் சோறு பிசைந்து ஊட்டுகிறேன்.

இன்று கேட்டான்: "அங்க இப்ப இன்னா மணி இருக்கும்?"

"மத்தியானம் ஒண்ணு. இந்த மாசத்தில் ஏழரைவரை வெளிச்சம் இருக்கும்." கோடையில் இன்னும் கூட. ஜூலையில் இதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம் நான்.

"அப்ப சாப்ட நேரம் இருக்குது" என்றான்.

அடுத்த கவளத்துக்குக் கையைத் தூக்கினேன். கண்ணை இறுக மூடித் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். தினமும் இப்படித்தான், சோறு என்று தெரிந்தும். அவன் கை தூக்கும்போது ஜெயமாலாவும் இப்படித்தான் இழுத்துக்கொள்வாள்.

ஜூலை 3 அன்று எழுதியதைப் புரட்டிப் பார்த்தேன். மற்றவை இருக்கட்டும். என்னால் யாருக்கும் தீங்கு இல்லை என்று மூன்றாவதாக எழுதியிருக்கிறேன். அது தவறு.